இறங்க மறுப்பவர்களின் லீக்

2025 ஜூன் கடைசியில் சென்னை புல்ஸ் அணி ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் டெல்லி ரெட்ஸை 41-0 என்று துவைத்தெடுத்தார்கள். அந்த இரண்டு வாரமும் தமிழ்நாடு-கர்நாடக எல்லையில் உள்ள ஜூஜுவாடியில் எங்கள் டீக்கடையில் ஒரு வழக்கு ஓடியது. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் குடியிருப்பதால் சென்னை புல்ஸுக்குக் கைதட்டுவதா, தினமும் அந்தப் பக்கம் வேலைக்குப் போவதால் பெங்களூரு பிரேவ்ஹார்ட்ஸுக்கா? இரண்டு அணிகளுமே தங்கள் பெயரில் உள்ள ஊரில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. எல்லா ஆட்டங்களும் மும்பை அந்தேரியில்தான் நடந்தன. மொத்தம் ஆறு அணிகள். கடைசியில் வந்தாலும் யாரும் கீழே போவதில்லை. ஏழாவதாக உள்ளே வர நினைக்கும் கிளப்புக்கு வழியும் கிடையாது.

அது முதல் ஆண்டுப் போட்டி. அதற்குள் அதைக் குறை சொல்வது நியாயமில்லை. என்னை எழுத வைத்தது இறக்கம் இல்லாததற்குச் சொல்லப்பட்ட சமாதானம். பணம் போடுகிறவருக்கு இறங்கிவிடுவோம் என்ற பயம் இருந்தால் அவர் வரமாட்டார், முதலில் வேர் பிடிக்கட்டும், ஏற்ற இறக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இந்தியக் கால்பந்தைப் பின்தொடர்பவர்களுக்கு இந்த வாதம் மனப்பாடம். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியது முதல் கேட்டு வருகிறோம்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஐ.எஸ்.எல். வந்த பிறகு முன்னணி வீரர்களின் சம்பளம் கூடியது, மைதானப் புல் மேம்பட்டது, மாலை வேளையில் வீட்டு டிவியில் கால்பந்து ஓடியது. இறக்கம் சின்ன கிளப்பை முறித்துப்போடக்கூடும் என்பதும் சரியே. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

என் குறை ஒன்றுதான், அது பழைய குறை. மேலே இருப்பவர் இறங்காவிட்டால் இரண்டாம் அடுக்கு லீக்குக்கு அர்த்தம் போய்விடுகிறது. அங்கே ஆடுகிறவனுடைய வெற்றிக்கு விலை இல்லாமல் போகிறது.

2019 மார்ச் 9. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். ஓசூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, தருமபுரி, சேலம் வழியாகத் தூக்கமில்லாமல் போய்ச் சேர்ந்தோம். ஐ.எஸ்.எல்.லுக்கு வெளியே நடந்த தேசிய லீக்கான ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி ஜெயித்தால் கோப்பை; சறுக்கினால் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடும். முதலில் கோல் போட்டது மினர்வா பஞ்சாப். இடைவேளையில் எங்கள் வரிசையில் யாரும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் வாங்கி வைத்த சுண்டலைத் தொடவே இல்லை. அப்புறம் சமன், அப்புறம் முன்னிலை, முடிவில் 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்தது. 43 புள்ளிக்கு 42. ஒரு புள்ளியில் தமிழ்நாட்டு கிளப் ஒன்று இந்தியாவின் லீக் சாம்பியன். அந்தப் பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வெற்றியால் சென்னை சிட்டி எங்கே ஏறியது? எங்கேயும் ஏறவில்லை. அன்று ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல். கதவு இல்லை. ஆனால் ஒரு புள்ளியில் தோற்ற ஈஸ்ட் பெங்கால், புதிய முதலீட்டாளர் கிடைத்ததும் 2020இல் ஐ.எஸ்.எல்.லுக்குள் போய்விட்டது. சாம்பியன் வெளியே, இரண்டாவதாக வந்தவர் உள்ளே. 2020-21தான் சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடிய கடைசி சீசன். ஒரு கிளப் கரைந்துபோகப் பல காரணங்கள் இருக்கும். ஜெயித்தும் போக்கிடம் இல்லாமல் நின்றதுதான் அவற்றில் முதலாவது என்று நான் நம்புகிறேன்.

இது முதல் தடவையும் அல்ல. மிசோரமின் ஐசால் எஃப்.சி. 2016இல் ஐ-லீக்கிலிருந்து இறங்கியது. அதே ஆண்டு கோவா கிளப்புகள் விலகியதால் திரும்ப அழைக்கப்பட்டு, 2016-17இல் சாம்பியனே ஆனது. அந்த 2017இல் ஐ.எஸ்.எல். இரண்டு புதிய அணிகளைச் சேர்த்தது. ஐ-லீக்கில் நான்காவதாக வந்திருந்த பெங்களூரு எஃப்.சி. ஒன்று, அதுவரை ஒரு ஆட்டமும் ஆடியிராத ஜாம்ஷெட்பூர் இன்னொன்று. இரண்டும் ஏலத்தில் வந்தன. பெங்களூரு நல்ல கிளப், அருமையான அணி, ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்து போய் நானும் பார்த்திருக்கிறேன். அதனால் ஐசாலுக்கு நடந்தது நியாயம் ஆகிவிடாது.

2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒரு பாதை வகுத்துக் கொடுத்தது. 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியன் மேலே ஏறலாம்; 2024-25இல் இறக்கமும் தொடங்க வேண்டும் என்றது பரிந்துரை. முதல் பாதி நடந்தது. 2023இல் பஞ்சாப் ஏறியது, 2024இல் முகமதன் ஸ்போர்ட்டிங் ஏறியது. இரண்டாம் பாதி நடக்கவில்லை. 2024-25 வரை பதினொரு ஐ.எஸ்.எல். சீசன்களில் ஒரு அணிகூட ஆட்டத்தில் தோற்று இறங்கியதில்லை.

2025 வசந்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.எல்.லில் முகமதன் கடைசி இடம், ஒன்றும் ஆகவில்லை. ஐ-லீக்கில் கீழே முடித்த ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூருவும் டெல்லி எஃப்.சி.யும் இறங்கின. அதில் பெங்களூரு கிளப் ஐ-லீக் 2 ஜெயித்து முந்தைய ஆண்டுதான் ஏறியிருந்தது. இறங்குவது எல்லோருக்கும் பொதுவான ஆபத்து என்றால் அது விளையாட்டு. ஏழைக்கு மட்டும் என்றால் அது தண்டனை. அதே ஏப்ரலில் ஐ-லீக் கோப்பையை சர்ச்சில் பிரதர்ஸ் கையில் கொடுத்தார்கள். ஜூலையில் லோசான் விளையாட்டு நடுவர் மன்றம் இன்டர் காசிதான் சாம்பியன் என்று தீர்ப்பளித்தது. மேலே போக ஒரே ஓட்டை என்றால் அந்த ஓட்டைக்கு அடிதடி நடக்கத்தான் செய்யும்.

கடைசி அடுக்கில் இந்த ஏற்ற இறக்க முறை எவ்வளவு நேர்மையாக ஓடுகிறது என்பதை எங்கள் பையன்களிடம் பார்க்கிறேன். இங்குள்ள சிலர் பெங்களூரு மாவட்ட லீக்கில் ஆடுகிறார்கள். சூப்பர் டிவிஷன், ஏ, பி, சி என்று அங்கே படி உண்டு. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து, யூனிஃபார்மோடு அத்திப்பள்ளியில் பஸ் ஏறி, ஓடுகிற பஸ்ஸிலேயே ஸ்டாக்கிங்ஸ் மாட்டிக்கொண்டு போவான். அவன் அணி இறங்கிவிடாமல் இருக்கக் கடைசி ஆட்டத்தில் ஒரு டிரா போதும் என்ற நிலை. பார்க்க நாற்பது பேர் இருந்தால் அதிகம். கடைசிப் பத்து நிமிடம் எதிரணியின் ஒவ்வொரு கார்னருக்கும் பதினொரு பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் நின்றார்கள். விசில் ஊதியதும் இவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். கோப்பையும் இல்லை, டிவியும் இல்லை. பட்டியலின் அடியில் நடக்கும் ஆட்டத்துக்கு அந்த வலுவைக் கொடுப்பது இறக்கம் ஒன்றுதான். ஐ.எஸ்.எல்.லில் கீழ்ப்பாதி அணிகளின் பிப்ரவரி ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

முதலீட்டுக்குப் பாதுகாப்பு என்ற வாதத்துக்கு வருகிறேன். அதற்காகத்தானே இத்தனையும்? ரக்பியின் தாய்வீடான இங்கிலாந்தையே பார்ப்போம். எக்ஸிட்டர் சீஃப்ஸ் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பிலிருந்து 2010இல் ஏறி, பத்தே ஆண்டில் இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் சாம்பியன் ஆனது. பிறகு ஏணியை இழுத்துக்கொண்டார்கள். கொரோனா காலத்தில் இறக்கத்தை நிறுத்தினார்கள். சாம்பியன்ஷிப்புக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்தார்கள். 2022இல் அந்த லீக்கை ஜெயித்த ஈலிங் டிரெயில்ஃபைண்டர்ஸ், மைதானத்தில் 10,001 பேருக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. இப்படிப் பாதுகாத்த மேல் லீக்கில் வூஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் என்று மூன்று கிளப்புகள் 2022-23 என்ற ஒரே சீசனில் பணமில்லாமல் மூழ்கின. அந்த ஆண்டு சாம்பியன்ஷிப்பை ஜெயித்த ஜெர்சி ரெட்ஸும் சில மாதங்களில் மூடப்பட்டது. இறக்கத்தைத் தடுத்ததால் யாருடைய கணக்குப் புத்தகமும் தேறவில்லை. பிரான்சின் இரண்டாம் அடுக்கான ப்ரோ டி2வில் ஏற்றமும் இறக்கமும் இருக்கின்றன, அரங்கம் நிறையக் கூட்டமும் இருக்கிறது.

நம் ஊருக்கு வாருங்கள். 2010இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பதினைந்து ஆண்டுக்கு 700 கோடி ரூபாய் வணிக உரிமை ஒப்பந்தம் போட்டது. அது 2025 டிசம்பரில் முடிகிறது என்றதும், ஜூலையிலேயே ஐ.எஸ்.எல். சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்.சி. இயக்கத்தையே நிறுத்தியது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வாரத்தில் கதவடைப்பு. வணிக உரிமைக்கு விட்ட டெண்டருக்கு நவம்பர் வரை ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. பதினொரு ஆண்டு யாரையும் இறக்காமல் காத்த பணம் இதுதான். அந்தக் காவலுக்கு விலை கொடுத்தவர்கள் ஐசாலும் சென்னை சிட்டியும்.

இதற்குமேல் நடுநிலை பேச எனக்கு மனம் வரவில்லை. இறக்கம் வந்தால் நான்கு கிளப்பாவது அழியும் என்று எச்சரிப்பார்கள். இறங்குகிற கிளப்புக்கு இரண்டு ஆண்டு உதவித்தொகை கொடுங்கள். இங்கிலாந்துக் கால்பந்தில் கொடுக்கிறார்கள். வீரர்களின் ஒப்பந்தத்தில் இறங்கினால் இவ்வளவு சம்பளம் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த உரிமை ஒப்பந்தத்தை எழுதுகிறவர்கள், கால்பந்தோ ரக்பியோ, முதல் பக்கத்திலேயே கடைசி இடம் பிடிப்பவர் எந்த ஆண்டிலிருந்து இறங்குவார் என்று தேதியோடு எழுதட்டும். 2019இல் தேதியைப் பரிந்துரையாக மட்டும் விட்டார்கள். இந்த முறை அது கையெழுத்துக்கு மேலே இருக்க வேண்டும்.