ஓர் ஓலையை நம்பிய கணக்கு

சென்னை முகப்பேரில் போர் போடும் இடத்தில் சற்று நேரம் நின்றால், குழாயிலிருந்து கருஞ்சாம்பல் சேறு கொட்டுவதைப் பார்க்கலாம். அதிலுள்ள சில்லுகள் காய்ந்ததும் தகடு தகடாக உரியும். "பக்கத்துத் தெருவுல வந்த அதே களிதான் சார்" என்பார் போர்க்காரர். நிலவியலார் அடுக்குகளை ஒப்பிடுவதும் இதே வேலைதான். அவர்கள் தெருவுக்குத் தெரு அல்ல, மாவட்டத்துக்கு மாவட்டம் ஒப்பிடுகிறார்கள்.

இந்த முறையின் முழு வலிமையையும் குஜராத்தின் கச்சில் காணலாம். அங்கே ஜுராசிக் கடல் விட்டுச்சென்ற அம்மோனைட் சுருள்கள் ஏராளம். தொல்லுயிரியலார் வாகன் 1870-களில் அவற்றை வகைப்படுத்தினார். அம்மோனைட் இனங்கள் விரைவில் தோன்றி விரைவில் மறைந்தவை. ஆகவே ஒரு சுருள் கிடைத்தாலே அடுக்கின் காலம் தெரிந்துவிடும். தோசா ஊலைட் எனும் மெல்லிய படிவை வைத்தே ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்கு அடுக்குகளைத் தொடரலாம்.

நம் பக்கம் கதை வேறு. கோயம்பேடு, அம்பத்தூர் பக்க ஆழ்துளைகளில் தட்டுப்படும், கோண்டுவானாப் படிவு வரிசையைச் சேர்ந்த களிக்கல்லின் உறவுப் படிவுகள் ஸ்ரீபெரும்புதூரில் வெளித்தெரிகின்றன. 1879-இல் தொல்தாவரவியலார் ஃபைஸ்ட்மான்டெல் அங்குள்ள இலைத் தடங்களை ஆராய்ந்தார். சைக்கஸ் ஓலையைச் சிறிதாக்கியது போன்ற டைலோஃபில்லம் அவற்றில் முக்கியமானது. ஜார்க்கண்டின் ராஜ்மகால் குன்றுகளிலும் அதே ஓலை இருந்ததால், இரண்டும் ஜுராசிக் என்றே வெகுகாலம் எண்ணப்பட்டது. ஆனால் அந்தச் செடி கோடிக்கணக்கான ஆண்டுகள் பெரிதாக மாறாமல் வாழ்ந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளில் கிடைத்த அம்மோனைட்டுகளும் ஃபொராமினிஃபெரா நுண்ணோடுகளும் பின்னாளில் காலத்தை ஜுராசிக்குக்கு அடுத்து வந்த தொடக்க கிரிட்டேசியசுக்கு நகர்த்தின. ராஜ்மகால் எரிமலைப் பாறையின் வயதும் ஏறக்குறைய 11.7 கோடி ஆண்டுகள்தான். ஜுராசிக் முடிந்ததோ சுமார் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அளவுகோலே பிசகியிருந்தது!

ஒத்த வரிசை என்பது ஒரே காலம் ஆகாது என்று உயிரியலார் ஹக்ஸ்லி 1862-லேயே எச்சரித்திருந்தார். ஃபைஸ்ட்மான்டெலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று கையில் இருந்த முக்கியச் சான்று இலைதான். ஆனால் இலைத் தடத்தைச் சான்றாக வைப்பது ஒன்று, அதையே தீர்ப்பாக வைப்பது வேறு. கல்லின் முகத்தை நம்புவதிலும் இதே ஆபத்துதான். சத்தியவேட்டில் கூழாங்கல் பாறை, ஸ்ரீபெரும்புதூரில் களிக்கல். ஒன்றன்மேல் ஒன்று படிந்தனவா, ஒரே காலத்தில் பக்கம்பக்கமாகப் படிந்தனவா என்பதை நிறமும் பருமனும் மட்டும் சொல்லிவிடாது.

கடற்சுருள் கிடைக்காத இடத்தில் களிக்குள் ஒளிந்திருக்கும் மகரந்தமும் வித்துத்துகளும்தான் நல்ல சாட்சி. அதற்குப் பத்தடிக்கு ஒரு பிடி சேற்றைப் பையில் கட்டி, ஆழத்தை எழுதி வைத்தால் போதும். முகப்பேரில் அந்தச் சேறு டிராக்டரில் ஏறி, காலிமனைப் பள்ளத்தை மூடப் போய்க்கொண்டிருக்கிறது.