கிராணியின் நாற்காலியில் இப்போது யார்? – மின்னரசாங்க ஆய்வுகளைத் தோட்டத்திலிருந்து வாசித்தல்

கடந்த எஸ்.பி.எம். சோதனைத் தேர்வில் 'மின்னரசாங்கத்தின் நன்மைகள்' என்றொரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தோம். முப்பதுக்கும் மேற்பட்ட தாள்களைத் திருத்தினேன். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரே கருத்துகள்: நேரம் மிச்சம், வரிசையில் நிற்க வேண்டாம், வீட்டிலிருந்தபடியே விண்ணப்பிக்கலாம், மக்கள் அரசோடு நேரடியாகப் பேசலாம். எல்லாம் நாங்கள் குறிப்பில் கொடுத்தவைதாம். மாணவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஒரு மாணவி மட்டும் கடைசிப் பத்தியில் இப்படி எழுதியிருந்தாள்: 'எங்கள் பாட்டிக்கு எல்லாவற்றையும் நான்தான் செய்கிறேன்.' தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது விசாரித்தேன். "பாஸ்வேர்டுகூட என் நோட்டுலதான் டீச்சர் இருக்கு. ஓடிபி வந்தா பாட்டி போனை என்கிட்ட நீட்டுவாங்க, அவ்ளோதான்" என்றாள். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர் அந்தப் பாட்டி. தோட்டம் செம்பனைக்கு மாறியபின் குடும்பம் மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தது.

பாட்டியின் விண்ணப்பம் அரசின் கணக்கில் 'இணையவழிப் பயனர் ஒருவர்' என்று பதிவாகியிருக்கும். உண்மையில் அங்கே பங்கேற்றவர் யார்? இந்தக் கேள்வியோடுதான் பட்டயப் படிப்பின்போது மேலோட்டமாகப் படித்த சில ஆய்வுகளை மறுபடியும் எடுத்தேன்.

ஏணிகளும் எண்களும்

மின்னரசாங்க ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படுவது லேய்ன், லீ என்ற இருவர் 2001-இல் முன்வைத்த நான்கு படிநிலை மாதிரி. முதல் படியில் அரசு தகவலை இணையத்தில் போடுகிறது. இரண்டாவதில் விண்ணப்பம், கட்டணம் போன்ற பரிமாற்றங்கள் நடக்கின்றன. மூன்றாவதில் ஒரே துறையின் கீழ்மட்ட, மேல்மட்ட அலுவலகங்கள் இணைகின்றன. நான்காவதில் வெவ்வேறு துறைகளின் தரவுகள் ஒன்றுசேர்ந்து, ஒரே வாசலில் எல்லாச் சேவையும் கிடைக்கிறது.

அடுத்தது ஐக்கிய நாடுகள் சபை ஈராண்டுக்கு ஒருமுறை வெளியிடும் மின்னரசாங்க ஆய்வறிக்கை. இணையச் சேவை, தொலைத்தொடர்பு வசதி, மனித வளம் ஆகிய மூன்றையும் சேர்த்து நாடுகளை வரிசைப்படுத்துகிறது. 2024-இல் டென்மார்க், எஸ்தோனியா, சிங்கப்பூர் முதல் மூன்று இடங்களைப் பிடித்தன. மக்கள் பங்கேற்புக்குத் தனிக் குறியீடும் உண்டு. தகவல் தருதல், கருத்துக் கேட்டல், முடிவெடுப்பதில் சேர்த்துக்கொள்ளுதல் என அது மூன்று நிலைகளைப் பார்க்கிறது.

இந்த அறிக்கையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. நாடுகளை ஒப்பிட இவ்வளவு விரிவான கருவி வேறில்லை. ஆனால் அதன் பங்கேற்புக் குறியீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். மதிப்பீட்டாளர்கள் அரசு அகப்பக்கங்களுக்குப் போய், இந்த வசதி இருக்கிறதா, அந்த வசதி இருக்கிறதா என்று வினாப்பட்டியலின்படி குறிக்கிறார்கள். ஆக, கதவு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதில் நுழைந்தவர் யார், நுழைய முடியாமல் திரும்பியவர் யார், பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் யார் என்பதெல்லாம் அந்தப் பட்டியலுக்குள் வராது.

இங்கே 1969-இல் ஷெரி ஆர்ன்ஸ்டீன் எழுதிய பங்கேற்பு ஏணியை நினைவுபடுத்த வேண்டும். கணினி வீட்டுக்கு வராத காலத்தில் எழுதப்பட்டதுதான், ஆனால் இன்றைக்கும் கூர்மையாக இருக்கிறது. அவருடைய ஏணியில் எட்டுப் படிகள். கீழே இரண்டு படிகள் பங்கேற்பே இல்லாதவை. தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் நடுவில் இருக்கின்றன. அவற்றை அவர் ஒப்புக்குச் செய்யும் பங்கேற்பு என்ற பிரிவில் வைக்கிறார். அதிகாரம் கைமாறும் மூன்று படிகளைத்தான் மக்கள் அதிகாரம் என்கிறார். ஐ.நா. குறியீட்டின் முதல் இரண்டு நிலைகளும் இந்த ஏணியில் பாதிக்கு மேல் ஏறவில்லை.

மேலூரில் நடந்தது

இந்த ஆய்வுகளுக்கு மாறாக, தரையில் நின்று பார்த்த ஆய்வு ஒன்று நம் மொழி பேசும் ஊரிலேயே இருக்கிறது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் 2001-இல் சென்னை ஐ.ஐ.டி., ஹார்வர்டு, எம்.ஐ.டி. முதலியவை சேர்ந்து கிராம இணைய மையங்களைத் தொடங்கின. பிறப்பு, இறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை முதலியவற்றுக்கு ஊரிலிருந்தே விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் இருவரும் 2006-இல் இதைப் பற்றி எழுதினார்கள். குமார் தமிழ்நாட்டு ஆட்சிப் பணி அதிகாரியாக இருந்தவர். உள்ளிருந்து அறிந்தவரின் நேர்மை அந்த எழுத்தில் தெரிகிறது.

அவர்கள் கண்டது இதுதான். தொடக்கத்தில் பலன் இருந்தது, ஆனால் அரசுச் சேவைகள் நிலைக்கவில்லை. ஆர்வத்தோடு முன்னின்ற அதிகாரிகள் மாறிப் போனபின், அந்த வேலையைத் தாங்கிப் பிடிக்கும் நிலையான நிர்வாக ஏற்பாடு இல்லை. அதற்கு முன்பே, 2003-இல் ரிச்சர்டு ஹீக்ஸ் வளரும் நாடுகளின் மின்னரசாங்கத் திட்டங்களில் 35 விழுக்காடு முழுத் தோல்வி, 50 விழுக்காடு பகுதித் தோல்வி, 15 விழுக்காடு மட்டுமே வெற்றி என்று மதிப்பிட்டிருந்தார். திட்டத்தின் வடிவமைப்புக்கும் ஊரின் நடப்புக்கும் உள்ள இடைவெளியே காரணம் என்பது அவர் வாதம். மேலூர் அதற்குக் கண்கூடான சான்று.

அதே ஆண்டு வெளிவந்த அவர்களின் இன்னொரு கட்டுரை எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. மையங்களைப் பயன்படுத்தியவர்கள் கிராமத்தில் சிறு பகுதியினரே. பெரும்பாலும் இளைஞர்கள், ஆண்கள், படித்தவர்கள், ஓரளவு வசதியும் சமூக நிலையும் உள்ளவர்கள். ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வை மையங்களே நிலைநிறுத்தக்கூடும் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். கூடவே ஒரு விதிவிலக்கையும் காட்டுகிறார்கள். ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் பகுதிக்கு அருகில் மையம் இருந்து, அந்தச் சமூகத்திலிருந்தே ஒருவர் முன்னின்று உதவிய இடங்களில் அம்மக்களும் வந்தார்கள்.

இந்த ஆய்வில் எனக்கொரு குறை உண்டு. மையத்துக்கு வந்தவர் யார் என்று சொல்கிறது. வந்தவர் யாருக்காக வந்தார், அவர் பேசியதும் வீட்டிலிருப்பவர் சொல்ல நினைத்ததும் ஒன்றுதானா என்ற கேள்வி போதுமான அளவு எழவில்லை. என் மாணவி அந்தக் கணக்கில் 'பயனர்' ஆகிவிடுவாள். பாட்டி எங்கும் இருக்கமாட்டார்.

பேராக் தோட்டத்துப் பழைய ஏற்பாடு

நம் தோட்டங்களில் இந்த இடைத்தரகர் புதியவரல்ல. அவர் பெயர் கிராணி. ஆப்பீசில் பெயர்ப் பதிவு, சம்பளக் கணக்கு, அரசாங்கக் கடிதம் எல்லாம் அவர் கையில்தான். பலர் மலையாளிகளாகவும் யாழ்ப்பாணத் தமிழர்களாகவும் இருந்தார்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள். லயத்தில் பிள்ளை பிறந்தால் சூராட் பேரானா எடுப்பதற்கும் அவரைத்தான் நாடவேண்டும். நல்ல கிராணி கிடைத்தால் காகிதம் சரியாக இருக்கும். இல்லாவிட்டால் பெயரும் தேதியும் தப்பாகி, அந்தத் தப்பு ஒரு தலைமுறைக்குத் தொடரும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்திலும் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் வந்தது. அந்த ஆண்டில்தான் அடையாள அட்டைப் பதிவும் தொடங்கியது. ஆக, நம் ஐ.சி. பிறந்தது பாதுகாப்புக் கண்காணிப்புக்காக. சேவை தரும் மைகார்டாக அது மாறியது 2001-இல். 'அரசாங்கத்துக்கு விவரம் கொடுக்கணுமா?' என்று நம் முதியவர்கள் தயங்கினால் அதை அறியாமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அந்தத் தயக்கத்துக்கு வரலாறு இருக்கிறது.

தோட்டங்கள் துண்டாகி, செம்பனையாகி, வீடமைப்பாகியபோது லயமும் போனது, கிராணியும் போனார். படிவங்கள் போகவில்லை. காலியான அந்த நாற்காலியில் இப்போது பதினேழு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. என் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருநாள் ஓர் அலுவலகத்துக்குப் போய், "ஆன்லைன்ல செஞ்சிட்டு வாங்க" என்ற ஒரே பதிலோடு திரும்பி வந்தார். மாலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். அன்றைக்கு நானும் கிராணிதான்.

'பாடு' கற்றுத்தந்தது

2024 ஜனவரி 2-இல் தொடங்கப்பட்ட பாடு எனும் முதன்மைத் தரவுத்தளம் லேய்ன், லீ சொன்ன நான்காம் படிக்கு நல்ல எடுத்துக்காட்டு. பல துறைகளில் சிதறியிருந்த குடும்ப விவரங்களை ஒன்றுசேர்த்து, உதவி உரியவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது நோக்கம். மார்ச் 31 வரை மக்கள் தங்கள் விவரத்தைப் புதுப்பிக்கலாம் என்றார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிந்தார்கள். இணையத்தோடு நேரடி முகப்புகளும் திறக்கப்பட்டன, அது பாராட்டுக்குரியது.

ஆனால் படிவத்தை நிரப்புவது பங்கேற்பா? ஆர்ன்ஸ்டீன் ஏணியில் வைத்துப் பார்த்தால், தகவல் மக்களிடமிருந்து அரசுக்குப் போகிறது, அவ்வளவுதான். உண்மையான பங்கேற்பு வேறிடத்தில் நடந்தது. இன்னொருவரின் அடையாள அட்டை எண்ணை வைத்து அவர் பெயரில் பதிந்துவிட முடியும் என்று தொடக்க நாட்களிலேயே பொதுவில் சுட்டிக்காட்டினார்கள். அதன்பின் திருத்தம் செய்யப்பட்டது. தளத்துக்கு வெளியே நடந்த இந்த விமர்சனம் எந்தப் பங்கேற்புக் குறியீட்டிலும் புள்ளி பெறாது.

ஒருங்கிணைப்பில் இன்னோர் ஆபத்தும் உண்டு. துறைகள் தனித்தனியாக இருந்தபோது, ஓர் ஏட்டில் பெயர் இல்லாதவருக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கலாம். எல்லா ஏடும் ஒன்றானால், ஒன்றில் இல்லாதவர் எல்லாவற்றிலும் இல்லாதவர். பிறப்புப் பத்திரச் சிக்கலாலும் சிவப்பு அடையாள அட்டையாலும் அவதிப்படும் தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது கற்பனைப் பயமல்ல. நான்காம் படியை உச்சமாகக் காட்டும் மாதிரி இந்த இழப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

2025-இல் 18 வயது நிறைந்த எல்லாக் குடிமக்களுக்கும் 100 வெள்ளி சாரா உதவி மைகார்டு வழியாகவே வந்தது. விண்ணப்பம் இல்லை, பாஸ்வேர்டு இல்லை. பாட்டிக்கு அது சிறந்த சேவை. ஆனால் அதில் பங்கேற்பு என்று எதுவும் இல்லை, தேவையும் இல்லை. இதிலிருந்து நமக்குத் தெளிவாவது: சேவை எளிதாவது வேறு, மக்கள் குரல் கேட்கப்படுவது வேறு. ஆய்வுகளும் நம் மாதிரிக் கட்டுரைகளும் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் குழப்புகின்றன.

தேர்வு எழுதுவோருக்கு

'மக்கள் அரசோடு நேரடியாகப் பேசலாம்' என்ற கருத்தை எழுதும்முன் மூன்று கேள்விகளை உங்களுக்குள் கேட்டுப்பாருங்கள். பொத்தானை அழுத்தியவர் யார்? கேட்கப்பட்ட கேள்வி அவருக்குப் புரிந்ததா? அவர் சொன்னதால் எதுவாவது மாறியதா? மூன்றாவதற்கு எடுத்துக்காட்டோடு விடை எழுதும் மாணவரின் கட்டுரை மற்றவர்களுடையதிலிருந்து நிச்சயம் தனித்து நிற்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பறை நடவடிக்கை. ஓர் உதவிப் படிவத்தின் கேள்விகளை மாணவர்கள் தமிழில் எழுதி, வீட்டுப் பெரியவரிடம் வாசித்துக் காட்டட்டும். நான் செய்து பார்த்தேன். 'பெண்டாபாத்தான் ஈசி ரூமா' என்பதைக் 'குடும்ப வருமானம்' என்று எழுதினார்கள். என் மாணவியின் பாட்டி கேட்டாராம்: "உன் மாமா இங்கதான் படுக்கிறான், ஆனா சாப்பாட்டுக்குக் காசு குடுக்கறதில்ல. அவன் சம்பளத்தையும் எழுதணுமா?"

இத்தனை நாளும் பேத்தி யோசிக்காமல் நிரப்பிய கட்டம் அது. பாட்டி அந்தப் படிவத்தைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.