வாளெடாத காப்பியத் தலைவர்: இரட்சணிய யாத்திரிகம் உணர்த்தும் பொறையறம்

எச்.ஏ. கிருட்டிண பிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894ஆம் ஆண்டு வெளிவந்தது. 'மோட்சப் பிரயாணம்' எனத் தமிழர் அறிந்த ஜான் பனியனின் ஆங்கில உரைநடை நூலே (1678) இதற்கு முதல்நூல். ஆயினும், பனியன் விரித்துரைக்காத இயேசுவின் பாடுகளைக் கிருட்டிண பிள்ளை குமார பருவத்தில் இரட்சணிய சரித படலமாக விரித்துப் பாடியுள்ளார். இச்சேர்க்கையே இக்காப்பியத்தின் அறத்தைத் தாங்கி நிற்கிறது என்பது நமது துணிபு.

கிருட்டிண பிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பரில் ஊறியவர், 'கிறித்தவக் கம்பர்' எனப் போற்றப்பெற்றவர். கம்பரின் தலைவனுக்குப் பெருமை யுத்த காண்டத்தில், இராவணனின் வீழ்ச்சியில் நிறைவுறுகிறது. கிருட்டிண பிள்ளையின் தலைவரோ வாளெடாதவர். தம்மை வதைப்போரை மன்னிக்குமாறு தந்தையிடம் வேண்டுபவர். அவ்விடத்தில் கவிஞர் அவரை 'வள்ளல்' என்கிறார். காப்பிய மரபில் வீரத்துக்குரிய இடத்தில் கொடை வந்து அமர்கிறது. மன்னிப்பு இயலாமையன்று, ஈகை என்பது இச்சொல்லாட்சியால் பெறப்படும்.

வகுப்பறையில் இப்பகுதி பெரும்பாலும் அவலச்சுவைக்கு எடுத்துக்காட்டாகவே நின்றுவிடுகிறது. அவ்வாசிப்பு பாதியளவே சரியானது. பகைவரை நேசிக்குமாறு மத்தேயு 5ஆம் அதிகாரம் சீடர்களையே பணிக்கிறது. திருத்தூதர் பணிகள் 7ஆம் அதிகாரத்தில், கல்லெறிபட்டு இறக்கும் ஸ்தேவான் தம்மைக் கொல்வோர்க்காக மன்றாடுகிறார். எனவே, அது கண்ணீர் விடுவதற்குரிய காட்சி மட்டுமன்று, பின்பற்றுவதற்குரிய வழியுமாகும்.

இங்கு ஓர் இடர்ப்பாடும் உண்டு. பனியனின் பயணி கவசமணிந்து அப்பொல்லியோனுடன் வாட்போர் புரிகிறான். எபேசியர் திருமுகத்தின் 6ஆம் அதிகாரம் இக்கவசத்தை உருவகமாகவே கூறுகிறது. போராட்டம் மனிதரோடு அன்று என்றும் தெளிவுறுத்துகிறது. இத்தெளிவை மறந்து உருவகக் காப்பியத்தைப் படிப்பவர், தீமைக்குரிய பெயர்களை அயலாரின் சமயத்துக்குச் சூட்டிவிடக்கூடும்.

மலேசியத் தமிழாசிரியருக்கு இது ஏட்டளவிலான ஐயமன்று. 1930இல் தொழுநோயாளர் குடியிருப்பு அமைந்த சுங்கை பூலோவில், சமூகம் ஒதுக்கிய பல இனத்தாரும் சமயத்தாரும் அயலாராய் வாழ்ந்தனர். அத்தகைய ஊரின் வகுப்பில் இக்காப்பியத்தைக் கற்பிப்போர், திருக்குறளின் 'இன்னாசெய்யாமை' அதிகாரத்தையும் உடன்வைத்துக் கற்பித்தல் நலம். அப்போது பகைவன் யார் என்னும் வினாவினும், பகைவனுக்கு யாம் யாது ஈவோம் என்னும் வினா மாணவர் உள்ளத்தில் மேலோங்கும். சமாதானம் செய்தல் அவ்வினாவில்தான் தொடங்குகிறது எனலாம்.