மேலைக்கடல் புரி: கோட்டையா, ஊரா?

மும்பை போகும் நம் தமிழன்பர்கள் பலரும் படகேறி எலிபண்டா குகைகளையும் பார்த்து வருகிறோம். “புலிகேசி கப்பற்படையோடு வந்து பிடித்த கடற்கோட்டை இதுதான்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும் வைக்கிறோம். இதற்கு ஆதாரம் எவ்வளவு தேறும்?

முக்கிய மூலம், கர்நாடகத்து ஐஹொளே மேகுட்டிச் சமணக் கோயிலில் கி.பி. 634-35இல் வெட்டிய வடமொழிக் கல்வெட்டு. பாடியவர் ரவிகீர்த்தி. நம் புனே டெக்கான் கல்லூரியில் முன்பு வடமொழிப் பேராசிரியராயிருந்த கீல்ஹார்ன் இதைப் ‘எபிகிராபியா இண்டிகா’ ஆறாம் தொகுதியில் பதிப்பித்தார்.

புலவர் சொல்வது இவ்வளவே: கொங்கணத்து மௌரியரைப் புலிகேசியின் படை வென்றது, மேலைக்கடலின் திருமகளாகிய புரியை, மதயானைக் கூட்டம் போன்ற நூற்றுக்கணக்கான கலங்களோடு அரசன் தாக்கினான். மதில், அகழி பற்றி ஒரு சொல் கிடையாது. அதே பாட்டில் வனவாசி நிலக்கோட்டை. பிஷ்டபுரம், அதாவது இன்றைய பிதாபுரம், அரண். பல்லவன் ஒதுங்கியது காஞ்சி மதிலுக்குப் பின்னால். அரணை அரண் என்று சொல்லத் தெரிந்தவர் புரிக்கு மட்டும் சொல்லவில்லை.

அதனாலேயே மதில் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. முப்புரம் எரித்தவனுக்கு அரசனை ஒப்பிட, ‘புரி’ என்ற பெயரே அவருக்கு வாய்ப்பாக அமைந்துவிட்டது. செய்யுள் அந்தப் பக்கம் போய்விட்டது.

இடமாவது தெரியுமா? எலிபண்டாவுக்கு உள்ளூர்ப் பெயர் காராபுரி. குகைகளும் ஆறாம் நூற்றாண்டை ஒட்டியவை. ஆனால் சின்னத் தீவு. சரக்கு வந்து இறங்கி உள்நாட்டுக்குப் போக வேண்டிய தலைநகர் இதுதானா என்று வியாபாரி மனசு கேட்கத்தான் செய்கிறது. முருட் பக்கத்து ராஜபுரியைச் சொல்வோருக்கும் கைகொடுப்பது பெயர் ஒற்றுமைதான். அங்கே நிற்கும் ஜஞ்சிரா கோட்டை பல நூற்றாண்டு பிற்பட்டது. பின்வந்த சிலாகாரர் சாசனங்கள் ‘புரி முதலான 1,400 ஊர்கள்’ என்கின்றன. ஊர் பெரியது என்று தெரிகிறது. இருந்த இடம் தெரியவில்லை.

காஞ்சியைப் பற்றி இதே புலவர் சொன்னதை மட்டும் வெறும் புகழ்ச்சி என்று நாம் தள்ளிவிடுகிறோம். புரிக்கு அப்படியே நம்பி, போதாததற்கு மதிலும் கட்டிக் கொடுக்கிறோம். ரவிகீர்த்தி சமணர் என்பதில் எனக்கும் பெருமைதான். அதற்காக அவர் சொல்லாததை அவர் வாயில் போடலாமா? வரவு எழுதாமல் இருப்பு காட்டினால் அது கணக்கல்ல.

பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லுவோம்: புரி இருந்தது உறுதி. கடல்வழித் தாக்குதல் நம்பத்தக்கது. இடம் ஊகம். கோட்டை, நாம் சேர்த்தது.