தீர்மானம் இல்லாத மாநாடு

டி.கே.சி.யின் வட்டத்தொட்டியில் உட்கார்ந்து கம்பனைக் கேட்டவரும் ரசிகர்தான். கட்அவுட்டின் தோளில் ஏறிப் பால் ஊற்றுகிறவரும் ரசிகர்தான். முன்னவரிடம் நுண்ணுணர்வைக் கண்ட நமது விமர்சன மரபு, பின்னவரிடம் மந்தையைக் கண்டது. பின்னர் வந்த கோட்பாட்டு வாசிப்புகளும் இந்தத் தீர்ப்பை முற்றாகக் கலைத்துவிடவில்லை. எம்.ஜி.ஆரைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய ‘பிம்பச் சிறை’, பிம்பத்தின் அரசியலைக் கூர்மையாகத் திறந்து காட்டிய நூல். ஆனால் சிறை என்று உருவகித்துவிட்டால் உள்ளே இருப்பவன் கைதி மட்டுமே. அவன் செய்கிற வேலை நம் கண்ணில் படாது.

2017 டிசம்பர் 19இல் எங்கள் திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி. அடுத்த வாரம், 26 முதல் 31 வரை, சென்னை ராகவேந்திரா திருமண மண்டபத்தில் ரஜினிகாந்த் மாவட்டவாரியாக ரசிகர்களைச் சந்தித்தார். எங்கள் பக்கத்து மன்றத்து நண்பர்கள் என்னையும் சேர்த்துக்கொண்டு போனார்கள்.

இம்மாதிரிக் கூட்டங்களைத் ‘தரிசனம்’ என்று எழுதிவிடுவது சுலபம். சனிபகவான் ஊர்க்காரனுக்கு அது ஒட்டவில்லை. நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்திய துணியை அங்கேயே விட்டுப் போகிறவர் கேட்பதெல்லாம் ‘என்னை விட்டுடு’ என்பதுதான். மண்டபத்து வரிசையில் நின்றவர் கேட்டது ‘என்னை ஒரு தடவை பாரு’ என்று. நீண்ட வரிசை, ஒரு மேடை, சில நொடிகள், ஒரு போட்டோ. அவ்வளவுதான் நிகழ்ச்சி. என்னோடு வந்தவர்களில் ஒருவர் பந்தல் போடுகிறவர். இறங்கி வந்ததும் சொன்னார்: “முப்பது வருஷம் போஸ்டர் ஒட்டுனதுக்கு இன்னைக்குத்தான் சார் சம்பளம் வாங்குறேன்.”

சம்பளம் என்ற சொல்லை நான் பக்தியின் மொழியாக மாற்றி எழுத விரும்பவில்லை. பசை காய்ச்சுவது, தோரணம் கட்டுவது, முதல் காட்சிக்குக் கடன் வாங்குவது, ரத்ததான முகாமுக்கு ஆள் திரட்டுவது, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு கொடுப்பது எல்லாமே உழைப்பு. இந்த உழைப்பால் நட்சத்திரம் பெருகுகிறது. செய்தவனுக்கும் ஒன்று மிஞ்சுகிறது. ஊரில் ‘டேய்’ என்றே கூப்பிடப்பட்டவனின் பேர் ‘கிளைச் செயலாளர்’ என்ற அடையோடு சுவரில் அச்சாகிறது. போலீஸ் ஸ்டேஷனில் நாற்காலி கிடைக்காவிட்டாலும் நின்று பேச ஒரு முகாந்திரம் கிடைக்கிறது. சாதி மறுத்த கௌரவத்தை மன்றம் வழியாகத் தேடிய இத்தன்னிலையை ‘மயக்கம்’ என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது.

ஆனால் மாநாடு என்றால் தீர்மானம் இருக்கும், எதிர்த்துப் பேச ஓர் ஆளாவது இருப்பார். அந்த மண்டபத்தில் பேசியவர் ஒருவர், கேட்டவர்கள் மற்ற எல்லாரும். 31ஆம் தேதி தனிக்கட்சி அறிவிப்பு வந்தது. 234 தொகுதிகளிலும் போட்டி என்றார். திருநள்ளாற்று டீக்கடையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த மன்றத்துக்காரர்கள் கைதட்டினார்கள். திருநள்ளாறு புதுச்சேரிச் சட்டமன்றத்தின் 30 தொகுதிகளில் ஒன்று. அந்த 234இல் எங்கள் ஊர் இல்லை. கைதட்டியவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். “நமக்கு இல்லாட்டி என்ன, நாகப்பட்டினத்துக்குப் போயி வேலை பாப்போம்” என்றார் பந்தல்காரர். வரைபடம் ஒதுக்கிய விளிம்பில் நின்று, தன் ஓட்டுக்கு இடமில்லாத தேர்தலுக்கும் உழைப்பைத் தர அவர் தயாராக இருந்தார்.

2020 டிசம்பர் 27இல் அடுத்த சனிப்பெயர்ச்சி. 29ஆம் தேதி, கட்சி தொடங்கவில்லை என்று அறிக்கை வந்தது. கிரகக் கணக்குப் போட்டு டீக்கடை அதை விளக்கிக்கொண்டது. உடல்நிலை காரணம் என்றார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2021 ஜூலை 12இல் இன்னோர் அறிக்கை: மக்கள் மன்றம் கலைக்கப்பட்டு மீண்டும் ரசிகர் நற்பணி மன்றமாயிற்று. கட்டியவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். கலைக்க ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது.

ரசிகன் ஏமாந்தானா என்று கேட்டே நாம் பழகிவிட்டோம். அவன் உழைப்பின் மீது அவனுக்கு என்ன உரிமை என்பதைக் கேட்கவில்லை. 2024 அக்டோபர் 27இல் விக்கிரவாண்டியில் விஜய்யின் கட்சி மாநாடு நடந்தபோது, நேற்றுவரை மன்றமாக இருந்தவர்கள் தொண்டர்களாக வந்து நின்றார்கள். பேர் மாறியது. மேடைக்குக் கீழே நிற்பவரின் கைக்கு மைக் எப்போது வரும் என்பதுதான், ரசிகர் திரளைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது.