இரண்டு கதவு வண்டி: துருவும் சொந்தமும்

1

பழைய கார் வைத்திருந்தவர்கள் எழுதும் நினைவுக் குறிப்புகளைச் சில வருடங்களாகத் தேடித் தேடி வாசித்துவருகிறேன். எந்த ஊர்க்காரர் எழுதினாலும் இவற்றுக்கு ஒரே இலக்கணம்தான். காலையில் ஸ்டார்ட் ஆகாது. தெருவே சேர்ந்து தள்ளும். மழை பெய்தால் கால்மாட்டில் தண்ணி. தரைத் தகட்டில் விழுந்த ஓட்டை வழியாக ரோடு ஓடுவது தெரியும். இத்தனையும் சொல்லிவிட்டு, 'ஆனாலும் அந்த மாதிரி ஒரு வண்டி வருமா?' என்று முடியும். துரு இந்தக் கதையாடலில் ஒரு செல்லக் குறை. சேட்டைக்காரப் பிள்ளையைப் பற்றி வீட்டார் பேசுகிற தொனியிலேயே அதைப் பற்றியும் பேசுவார்கள்.

இத்தாலியக் கூப்பே என்றால் இந்தத் தொனி உச்சத்துக்குப் போய்விடும். கூப்பே என்பது இரண்டு கதவு வைத்த, கூரை தாழ்ந்த வண்டி. லான்சியா பீட்டாவை எடுத்துக்கொள்வோம். எஞ்சினைத் தாங்கும் சட்டமே துருப்பிடித்துப்போனதால், 1980இல் பிரிட்டனில் கம்பெனியே அந்தக் கார்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள நேர்ந்தது. 1994இல் லான்சியா அந்தச் சந்தையை விட்டே வெளியேறியது. இருந்தும் அதன் கூப்பேயை வைத்திருந்தவர் எழுதும்போது அது துரோகம் செய்த காதலி ஆகிவிடுகிறது. காருக்கு ஏன் எப்போதும் பெண்ணுடல் என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். 'ஃபியட் 1100 டிலைட்' என்று இருந்த கார் இங்கே முதலில் 'பிரசிடெண்ட்' ஆகி, பிறகு ராஜபுத்திர ராணி 'பத்மினி' ஆன கதையையும் அங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போதைக்கு என் கேள்வி இவ்வளவுதான்: இரும்பு உதிர்வதை ரசிக்க யாருக்கு வசதிப்படுகிறது?

கேட்கிற நானும் சுத்தமானவன் இல்லை. எங்களிடமும் ஒரு துருப்பிடித்த கார் இருந்தது. அதை எனக்கும் பிடிக்கும்.

2

எங்களுடையது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1966இல் வந்த வண்டி. அசல் இத்தாலியக் கூப்பே எதையும் பொன்னேரியில் நான் பார்த்ததில்லை. எங்களுக்கு வாய்த்தது தூரத்து உறவு. பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959இல் வெளிவந்தது. அதை வரைந்தவர் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி. கூப்பேயும் சலூனுமாக வந்த அந்த வண்டியின் சலூன், 1961லிருந்து சென்னைக்கு வெளியே பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் உருவானது. 948 சிசி எஞ்சின், இரண்டே கதவு. கதவைத் திறந்து, முன்சீட்டை மடக்கி, அதற்குப் பின்னால் நுழைந்துதான் பின்சீட்டுக்குப் போக முடியும். இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும். கடைசியில் இதற்குத் திரும்புவேன்.

சித்ரோயன் டி.எஸ். காரைப் பற்றி ரொலான் பார்த் 1950களில் எழுதிய கட்டுரை நம்மில் பலருக்குத் தெரியும். கோதிக் தேவாலயங்களுக்கு நிகராக இந்தக் காலத்தில் நிற்பவை கார்கள் என்றார். அந்தக் காரின் ஒட்டுத் தெரியாத வழவழப்பைப் பற்றி விரித்து எழுதினார். அவர் பார்த்தது கண்காட்சியில் நின்ற புது வண்டி. ஹெரால்டு அதற்கு நேரெதிர், உடம்பு முழுக்க ஒட்டு. பாடி செய்துகொடுத்துவந்த கம்பெனி 1953இல் போட்டியாளர் கைக்குப் போய்விட, வெவ்வேறு இடங்களில் அடித்த தகடுகளைத் தனிச் சேஸியின்மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி வண்டியை அமைத்தார்கள். உதிரியாகக் கப்பலேற்றி இன்னொரு நாட்டில் பூட்டுவதற்கும் அது தோது. நம் ஊருக்கு வந்ததும் இந்த ஒட்டுகளின் புண்ணியத்தில்தான்.

துரு தொடங்குவதும் ஒட்டில்தான். இரண்டு தகடு சேரும் இடுக்கில் ஈரம் தங்கும், உப்பு அதை வேகப்படுத்தும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் பெயிண்ட் கொப்பளிக்கும். பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கு அப்பால் கடல். சாயங்காலம் கடற்காற்று திரும்பினால் ஜன்னல் கம்பி பிசுபிசுக்கும். இந்த ஊரில் துரு என்பது பருவநிலை மாதிரி.

கார் எங்களுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அப்பா ஓர் அரிசி ஆலை முதலாளியிடம் 1978லிருந்து டிரைவர். முதலாளி மாருதிக்கு மாறிய பிறகு ஹெரால்டு ஆலைக் கொட்டகையில் நெல் தூசிக்குள் கிடந்தது. ஆலை நொடித்தபோது அப்பாவுக்குப் பதினோரு மாதச் சம்பளம் பாக்கி. 1992இல் ஒருநாள், 'பணம் எங்கய்யா இருக்கு, வண்டியை எடுத்துக்கோ' என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். தள்ளிக்கொண்டு வந்து எங்கள் தெரு முனையில் நிறுத்தினார் அப்பா. ஊரைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி இருக்கிற தெரு அது. அங்கே வந்து நின்ற முதல் கார். ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். அம்மா மட்டும் கிட்டே வரவில்லை. ரொம்ப நாளைக்கு யார் கேட்டாலும், 'தோ நிக்குது பாரு வாசல்ல, பதினோரு மாசச் சம்பளம்' என்பாள்.

மார்க்சின் பண்ட வழிபாட்டைப் பற்றி எம்.ஏ.வுக்குப் பிறகுதான் படித்தேன். உழைப்பு மறைந்து பொருள் மட்டும் மின்னுவதைப் பற்றிய அந்தப் பக்கங்களை அம்மாவுக்கு விளக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவள் கண்ணுக்கு அந்தக் கார் ஒருநாளும் மின்னியதில்லை.

3

ஆர்.சி. புத்தகம் கடைசி வரை அப்பா பேருக்கு மாறவில்லை. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றவர்கள் தரவேயில்லை. சட்டப்படி கார் அவர்களுடையது. துரு எங்களுடையது.

தமிழில் 'சொந்தம்' என்றால் உடைமை, உறவு இரண்டும்தான். 'சொந்தக்காரர்' என்றால் உரிமையாளரும் ஆகலாம், ஒன்றுவிட்ட மாமனும் ஆகலாம். நினைவுக் குறிப்பாளர்கள் முதல் அர்த்தத்தில் நின்றுகொண்டு இரண்டாவதன் மொழியில் பேசுகிறார்கள். பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருப்பதால் பாசத்தைப் பற்றி மட்டும் பேச முடிகிறது. எங்களுக்கு வாய்த்தது இரண்டாவது மட்டும். வைத்தியம் பார்க்க வேண்டிய, விட்டுவிட முடியாத உறவு.

வைத்தியர் டிங்கர் பாய். தச்சூர் கூட்டு ரோட்டுப் பக்கம் பட்டறை. ஹெரால்டின் பானெட் மட்கார்டுகளோடு சேர்த்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். பாய் அதைக் கவிழ்த்துவிட்டு முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார். உளியால் துருவைத் தட்டி, இரும்பு எங்கே மிஞ்சியிருக்கிறது என்று விரலால் தடவுவார். மிஞ்சிய இடத்தில் எண்ணெய் டின்னை வெட்டிய தகரத்தை வைத்து கேஸ் வெல்டிங் பிடிப்பார். பிறகு பட்டி பூசுவது, எமரித்தாள் தேய்ப்பது, ரெட் ஆக்சைடு அடிப்பது. 'ஆறு மாசத்துக்குக் கவலையில்ல அண்ணே' என்பார். ஆறாவது மாதம் ஒட்டுக்குப் பக்கத்தில் கொப்பளிக்கும். அப்பா கோபித்துக்கொண்டதில்லை. கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் அந்த வண்டிதான் ஓடியது. அந்தக் கூலியில் பாதி பட்டறைக்குப் போனது, மீதியில் நாங்கள் படித்தோம்.

பாய் மாதிரி ஆட்கள் இந்த நினைவுக் குறிப்புகளில் எப்படி வருகிறார்கள்? 'எங்கள் நம்பிக்கையான மெக்கானிக்' என்று ஒரு வரி, கூடவே அவருடைய வேடிக்கைப் பேச்சு. பிரதியில் அவருக்கு உடம்பு கிடையாது. முகமூடி இல்லாமல் துருத்தூளையும் வெல்டிங் புகையையும் இழுத்த நெஞ்சு கிடையாது.

உழைப்பாளி முழு உருவத்தோடு வரும் இடம் ஒன்று உண்டு. துருவுக்குக் குற்றவாளி தேடும்போது. ஆல்ஃபா ரோமியோ கம்பெனி இத்தாலியின் தெற்கில், நேப்பிள்ஸ் பக்கத்துப் பொமிலியானோ தார்கோவில் ஆலை கட்டி, 1972லிருந்து விற்ற கார் ஆல்ஃபாசுத். 'சுத்' என்றால் தெற்கு. 1976இல் அதன் கூப்பே வடிவமான ஸ்பிரிண்ட் வந்தது. ஓட்டுவதற்கு அருமை, துருவுக்குப் பேர்போனது. ஏன் என்று கேட்டால் இரண்டு கதை இன்றும் சொல்லப்படுகிறது. ஒன்று, மலிவான ரஷ்ய இரும்பு. இன்னொன்று, தெற்கத்தி ஆட்கள் சோம்பேறிகள், வயல்காட்டிலிருந்து வந்தவர்கள், எப்போது பார்த்தாலும் வேலைநிறுத்தம். ஆனால் பாடியின் உள்ளறைகளில் நுரையை அடைக்கச் சொன்னது யார்? அந்த நுரை தண்ணீரைப் பிடித்துவைத்து இரும்பை உள்ளிருந்தே தின்னக் கொடுத்தது. அது மேஜையில் எடுத்த முடிவு. பழி லைனில் நின்றவன் தலையில் விழுந்தது.

கார் நன்றாக இருந்தால் வரைந்தவரின் மேதைமை, உளுத்துப்போனால் தொழிலாளியின் சோம்பல். இந்தச் சொல்லாடல் நமக்கும் பழக்கமானதுதானே? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நிற்கிற ஆட்களைப் பற்றி நம் டீக்கடைகளில் என்ன பேசுகிறோம் என்று யோசித்துப் பார்க்கலாம். அங்கே திசை மட்டும்தான் மாறியிருக்கிறது.

4

2021இல் ஒன்றிய அரசு பழங்கால வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருடம் தாண்டிய, அசல் வடிவிலேயே பேணப்பட்ட, சேஸி, பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாத வண்டி 'வின்டேஜ்'. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அதை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது.

மாற்றப்படாமல் இருக்க வேண்டும், ஓடாமல் இருக்க வேண்டும். ஆக, பாரம்பரியம் என்பது வேலை செய்யாத பொருளுக்கு வேலை செய்யத் தேவையில்லாதவர்கள் கொடுக்கும் பட்டம். எண்ணெய் டின் தகரமும் வேற்று வண்டியின் கார்புரேட்டருமாக, பதிமூன்று வருடம் பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றிப் போன எங்கள் ஹெரால்டு இன்று இருந்திருந்தாலும் இந்த விதிக்குள் நுழைந்திருக்காது. பாய் ஒட்டிய ஒவ்வொரு தகரமும் அதன் தகுதியில் ஓர் ஓட்டை.

2005இல் அது காயலாங்கடைக்குப் போனது. எஞ்சினை அதற்கு முன்பே தனியாக விற்றிருந்தோம். புதிதில் 800 கிலோ பக்கம் இருந்த வண்டி, தராசில் 600க்கும் கீழேதான் காட்டியது. எஞ்சின் போகவும் கணக்கு உதைத்தது. 'காத்துல போயிருச்சி' என்றார் கடைக்காரர். மிச்சம் கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலை ஏதோ ஒன்றுக்குப் போயிருக்கும். யார் வீட்டுத் தூணுக்குள்ளோ இருக்கிறது.

5

இந்தக் கட்டுரையின் முதல் படி வேறு மாதிரி முடிந்தது. சம்பளத்துக்குப் பதிலாகத் தள்ளிவிட்ட ஓட்டை வண்டியை அப்பா பிரியமாகத் துடைத்துக்கொண்டிருந்ததைப் 'பொய்ப் பிரக்ஞை' என்று எழுதியிருந்தேன். எஜமானின் பண்டத்தை நேசிப்பதன் வழியாக எஜமானை நேசிக்கப் பழக்கப்பட்ட தன்னிலை, இத்யாதி. எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பாதி புரிந்திருக்காது என்று நினைத்தேன்.

அவர் சிரித்தார். 'நீ பின்சீட்டுல ஏறினதை மட்டும் எழுதிக்கிறே. அவுரு ஏறினதை எழுதலியே' என்றார். பிறகு சொன்னார்: 'அவுங்க ஊட்டுத் திண்ணையில நான் ஒக்காந்ததில்ல. கால் செருப்பைத் தெருமுனையிலயே கயட்டிட்டுத்தான் போவணும். ஆனா இந்த வண்டியில மட்டும் அவுரு குனிஞ்சிதான் ஏறணும், குனிஞ்சிதான் எறங்கணும். நான் சீட்டை மடக்கிப் புடிச்சிக்கினு நிமிந்து நிப்பேன். பதினாலு வருசம். தெனம் நாலு தபா.'

இதைக் கேட்ட பிறகுதான் இரண்டு கதவின் அர்த்தம் எனக்கு விளங்கியது. பிரிட்டனில் ஹெரால்டு சலூன் கடைசி வரை இரண்டு கதவோடுதான் வந்தது. நான்கு கதவு ஹெரால்டு நம் ஊரில் மட்டும், 1960களின் பிற்பகுதியில் பெருங்களத்தூரில் பிறந்தது. குடும்பத்தோடு ஏறி இறங்க வசதி என்று அதற்குக் காரணம் சொல்லலாம். என் வாசிப்பு வேறு. டிரைவர் வைத்துக் கார் ஓட்டுகிற சமூகத்தில், இரண்டு கதவு வண்டி முதலாளியிடம் இரண்டில் ஒன்றைக் கேட்கிறது: டிரைவரோடு தோளுரச முன்னால் உட்கார், அல்லது அவன் முன்னால் குனிந்து பின்னால் போ. மிக்கெலோட்டி கற்பனை செய்திருக்க முடியாத இந்தச் சங்கடத்தைத் தீர்க்க நாம் இரண்டு கதவைக் கூடுதலாக வெட்டினோம்.

ஹெரால்டு என்றால் கட்டியக்காரன். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் ராஜாவுக்கு முன்னால் வந்து அவர் வருகையை அறிவிப்பவனும் அவனே, பக்கத்தில் நின்று அவரைக் கேலி பண்ணுபவனும் அவனே. ராஜா பார்ட்டுக்கு அது கேட்காது, சபைக்குக் கேட்கும். அப்பாவின் பிரியம் அந்த வகை. அதற்குப் பொய்ப் பிரக்ஞை என்று பேர் வைத்த நான்தான் சரியாக வாசிக்கவில்லை.

ஆகவே ஏக்கத்தை ஒட்டுமொத்தமாக நிராகரிக்கச் சொல்ல இனி எனக்கு வாயில்லை. ஒரே காருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஏக்கங்கள் உண்டு, அவற்றில் ஒன்று மட்டும் அச்சேறுகிறது என்பதைத்தான் சொல்ல முடியும். அடுத்த முறை ஒரு பழைய கார் நினைவுக் குறிப்பு கையில் கிடைக்கும்போது மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். ஆர்.சி. யார் பேரில் இருந்தது? துருவைத் தட்டியவர் யார்? கதவருகே குனிந்தவர் யார், நிமிர்ந்து நின்றவர் யார்? டிரைவர்களும் டிங்கர்களும் எழுதாத வரைக்கும் இந்த வகைமையில் நமக்குக் கிடைப்பது பின்சீட்டின் பிரதி மட்டுமே.

அப்பாவுக்கு இப்போது முழங்கால் மடக்க வருவதில்லை. பஸ் படியில் ஏறுவதற்கே கஷ்டப்படுகிறார். இந்தப் பக்கங்களை முடித்துப் படித்துக் காட்டியபோது ஒன்றை மட்டும் திருத்தினார். வண்டி கலர் என்ன என்று நான் எழுதவில்லையாம். வெளிர் பச்சை.