இன்சைட்டுக்கு எத்தனை மார்க்?

மனநல வார்டின் கேஸ் ஷீட்டையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்றே நினைக்கிறேன். 'எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போகணும்' என்கிறாள் ஒருத்தி. தாளில் விழுவது: 'இன்சைட் 1'. நோயை அடியோடு மறுத்தால் 1, மனசார ஒப்புக்கொண்டால் 6. ஆக, மறுப்பே நோய்க்குச் சாட்சி. தப்பிக்க வழியில்லை. தப்பிப்பதையே நோயாக்கியவர்களும் உண்டு: 1851இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், ஓடிப்போகும் கறுப்பின அடிமைகளுக்கு 'டிராப்டோமேனியா' என்று பெயர் சூட்டினார், சவுக்கடியையும் பரிந்துரைத்தார். போலி விஞ்ஞானம், பழங்கதை என்பார்கள். சரி, 1973 வரை ஒருபால் ஈர்ப்பை நோய்ப்பட்டியலில் வைத்திருந்தது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமேதான். மாத்திரையே வேண்டாம் என்றெல்லாம் நான் வாதாடவில்லை. ராத்திரி பூரா அலறுகிறவருக்கு மருந்து வேணும்தான். ஆனால் அந்த 1க்குப் பின்னால், வீடு என்று அவள் சொன்னது எந்த வீட்டை, அங்கே யார் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டார்களா?